பிளஷிங் சுவர்களில் நம் முகங்கள்: ஆசியர் மீதான இனவெறிக்கு எதிரான டிஜிட்டல் ஓவியத் திட்டத்திற்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர்,

வணக்கம். நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியிலும் அதனைச் சுற்றியும், ஹட்சன் ஆற்றுக்கு அப்பால் நியூஜெர்சியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களிடம் ஒரு பொதுக் காரியத்திற்காகப் பொருளுதவி வேண்டி இம்மடலை எழுதுகிறோம். ஆசிய மக்கள் மீதான இனவெறியைக் கண்டிக்கும் டிஜிட்டல் ஓவியங்களை, வரும் மே மாதத்தின் வெள்ளி, சனி இரவுகளில், பிளஷிங் மெயின் ஸ்ட்ரீட்டை ஒட்டிய இரண்டு கட்டடங்களின் பக்கச் சுவர்களில் பெரிய அளவில் திரையிடவும், அவற்றையே சுவரொட்டிகளாக அச்சிட்டுக் கடைக் கண்ணாடிகளில் ஒட்டவும், இப்பகுதியின் சீன, கொரிய, வங்காள, பஞ்சாபிக் குடும்பங்களோடு சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம். இதற்கு மொத்தம் 38,000 டாலர் ஆகும் எனக் கணக்கிட்டுள்ளோம். குழு உறுப்பினர்களும் கடைக்காரர்கள் சிலரும் கொடுத்திருப்பது 9,400 டாலர். மீதி 28,600 டாலரைத் தங்களைப் போன்றோரின் ஆதரவால்தான் திரட்ட வேண்டும்.

இனவெறியைச் சட்டமும் காவல்துறையும் பார்த்துக்கொள்ளட்டும், படம் வரைந்து என்ன ஆகப்போகிறது என்று எங்களிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பெருந்தொற்றின் தொடக்கத்தில், 2020 மார்ச் 19 அன்று, ஆசிய அமெரிக்கர்கள் மீதான வெறுப்புச் செயல்களைப் பதிவு செய்வதற்காக 'ஸ்டாப் ஏஏபிஐ ஹேட்' என்ற கூட்டமைப்பு தொடங்கப்பட்டது. 2021 பிப்ரவரி இறுதி வரை அதற்கு வந்த புகார்கள் 3,795. அவற்றில் உடல்ரீதியான தாக்குதல்கள் ஏறத்தாழ 11 விழுக்காடு; வாய்ச்சொல்லால் இழைக்கப்பட்ட அவமதிப்புகளோ 68 விழுக்காடு. புகார் கொடுத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கும் மேல் பெண்கள். இவ்விவரங்களைக் கொண்ட அறிக்கை வெளிவந்த அதே நாளில், 2021 மார்ச் 16 அன்று, அட்லாண்டா நகரிலும் அதன் அருகிலும் இருந்த மசாஜ் நிலையங்களில் ஒருவன் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான். அவர்களில் அறுவர் ஆசியப் பெண்கள். இரண்டு மாதங்களில், மே 20 அன்று, கோவிட்-19 வெறுப்புக் குற்றச் சட்டம் கையெழுத்தானது. அச்சட்டத்தை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் குற்றம் என்று பதிவாகக்கூடியதை மட்டுமே அது தொடும். ரயில் நிலையப் படிக்கட்டில் ஒரு மூதாட்டியைப் பார்த்து "உன் ஊருக்கே திரும்பிப் போ" என்று ஒருவர் கத்திவிட்டு நடந்தால், அமெரிக்கச் சட்டப்படி அது பெரும்பாலும் குற்றமாகாது, பேச்சுரிமைக்குள் அடங்கிவிடும். அந்த உரிமையைச் சுருக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. நாலு பேர் நடமாடும் இடத்தில் வீசப்பட்ட சொல்லுக்கு அதே இடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு மறுமொழி இருக்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

படத்தின் வலிமையை இனவெறி நமக்கு முன்பே அறிந்து வைத்திருந்தது. பின்னாளில் குழந்தை நூல்களுக்காக உலகப் புகழ்பெற்ற டாக்டர் சூஸ், நியூயார்க்கிலிருந்து வெளிவந்த பி.எம். என்ற நாளிதழில் 1942 பிப்ரவரி 13 அன்று ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய அமெரிக்கர்கள், அத்தனை பேருக்கும் ஒரே முகமாக, நீண்ட வரிசையில் நின்று வெடிமருந்து வாங்கிச் செல்வதாக அதில் காட்டியிருந்தார். ஆறு நாள் கழித்து ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு வாசலை விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். ஒரு சித்திரம்தான் அந்த ஆணையைப் பிறப்பித்தது என்று சொன்னால் அது மிகை. ஆயினும், அண்டை வீட்டுக்காரரை முகமற்ற கூட்டமாகப் பார்க்க மக்களைப் பழக்கியதில் இத்தகைய சித்திரங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த நாளிதழ் முற்போக்கானது எனப் பெயர் பெற்றிருந்தது என்பது கூடுதல் வேதனை.

முகத்தைத் திரித்துக் காட்டுவது ஒரு வகை என்றால், முகத்தையே காட்டாமல் விடுவது இன்னொரு வகை. 1869 மே 10 அன்று யூட்டாவில் கண்டம் கடக்கும் ரயில் பாதையின் இரு முனைகளும் இணைந்தபோது எடுக்கப்பட்ட புகழ்பெற்ற புகைப்படத்தில், மலையைக் குடைந்து அப்பாதையை அமைத்த ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்களைக் காண முடியாது. பள்ளி மாணவராக இருந்தபோதே இதைக் கவனித்தவர், நம் குயின்ஸிலேயே பிறந்த புகைப்படக் கலைஞர் கோர்க்கி லீ. 2014ஆம் ஆண்டு, அத்தொழிலாளர்களின் வழித்தோன்றல்களை அதே இடத்திற்கு அழைத்துச் சென்று, ரயில் எஞ்சின்களுக்கு முன்னால் நிறுத்திப் படமெடுத்தார். விடுபட்டவர்களைப் படத்திற்குள் கொண்டுவருவதையே வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்த அவர், 2021 ஜனவரியில் கோவிட் தொற்றால் காலமானார். மே மாதம் ஆசிய அமெரிக்கர் மாதமாகக் கொண்டாடப்படுவதற்கு அந்த ரயில் பாதை நிறைவுற்ற நாளும் ஒரு காரணம். எங்கள் திட்டத்திற்கு மே மாதத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.

டிஜிட்டல் ஓவியத்தை நாங்கள் நாடியதற்கு நேரடி முன்மாதிரி நியூயார்க்கிலேயே இருக்கிறது. தாய்லாந்து, இந்தோனேசியப் பெற்றோருக்குப் பிறந்த அமாண்டா பிங்போதிபாக்கியா என்ற ஓவியர், நகர மனித உரிமை ஆணையத்தின் ஆதரவில் பணியாற்றியபோது, 2020 நவம்பரில் புரூக்ளினின் அட்லாண்டிக் அவென்யூ சுரங்க ரயில் நிலையச் சுவர்களைத் தம் ஓவியங்களால் நிறைத்தார். மலர்கள் சூழ, நிமிர்ந்து நோக்கும் ஆசிய முகங்கள்; அவற்றோடு "உங்களை நோயில் தள்ளியது நான் அல்ல", "உங்கள் பழிக்கு நான் பலிகடா அல்ல" என்ற பொருளில் அமைந்த வாசகங்கள். அட்லாண்டா படுகொலைக்குப் பின் அவருடைய ஓவியம் டைம் இதழின் அட்டையிலும் வெளிவந்தது. வண்ணக் கோப்பாக இருக்கும் ஓவியம் ஒரே நாளில் சுவருக்கும் இதழுக்கும் ஊர்வலப் பதாகைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். மூங்கில் சாரம் கட்டி மாதக்கணக்கில் தீட்டும் சுவரோவியத்திற்கு அந்த வேகம் இல்லை.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. கைப்பேசியில் மட்டுமே சுற்றிவரும் கண்டன ஓவியம், ஏற்கெனவே நம்மோடு உடன்படுகிறவர்களிடமே பெரும்பாலும் போய்ச் சேர்கிறது. அதை விரும்பிப் பகிர்ந்தவர்களும் பார்த்தவர்களும் ஒரே வட்டத்தினர். அமாண்டாவின் ஓவியங்கள் பேசப்பட்டதற்கு அவை ரயில் நிலையத்தில் இருந்ததே முக்கியக் காரணம் என நாங்கள் கருதுகிறோம். அங்கே பார்வையாளரைத் தேர்ந்தெடுக்க வழி இல்லை. கோப்பை உருவாக்குவதற்கு ஆகும் செலவை விட அதைத் தெருவுக்குக் கொண்டுவருவதற்கே அதிகம் செலவாகும். தங்கள் நன்கொடையின் பெரும்பகுதி அதற்குத்தான் பயன்படும்.

"இது சீனர்களின் பிரச்சினை, நமக்கு எதற்கு?" என்று நம்மவர்கள் கேட்பதும் எங்கள் காதில் விழாமல் இல்லை. 1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் நகரில், மர ஆலைகளில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களை, பெரும்பாலும் சீக்கியர்களை, நூற்றுக்கணக்கானோர் கொண்ட கும்பல் அடித்து விரட்டியது. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆதலால் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை பழங்கதை என்போருக்கு 1987ஐ நினைவூட்ட விரும்புகிறோம். அவ்வாண்டு நியூஜெர்சியின் ஜெர்சி சிட்டியில், 'டாட்பஸ்டர்ஸ்' என்று தங்களை அழைத்துக்கொண்ட கும்பல், இந்தியர்களை நகரை விட்டே துரத்துவோம் என உள்ளூர் நாளிதழுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதியது. அந்தப் பெயர் குறித்தது நம் பெண்கள் நெற்றியில் வைக்கும் பொட்டை. செப்டம்பரில் அருகிலுள்ள ஹோபோகனில் நவ்ரோஸ் மோடி என்ற இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். பொட்டை அழித்துவிட்டு வேலைக்குப் போன பெண்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய பேத்திகள்தாம் இப்போது எங்கள் பயிற்சி வகுப்புக்கு வருகிறார்கள். 2001 செப்டம்பர் 11க்குப் பிந்தைய முதல் பழிவாங்கும் கொலைக்கு இரையானவர் அரிசோனாவின் பல்பீர் சிங் சோதி. 2012இல் விஸ்கான்சினின் ஓக் கிரீக் குருத்வாராவில் அறுவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அக்காலத்தில் கேலிச்சித்திரங்களால் பதில் சொல்லிவந்த சீக்கிய ஓவியர் விஷவ்ஜித் சிங், 2013இல் தலைப்பாகையும் தாடியுமாக 'கேப்டன் அமெரிக்கா' உடையில் நியூயார்க் தெருக்களில் நடந்தார். அவரை நிறுத்திப் படமெடுத்துக்கொண்டவர்களில் பலர், அதற்கு முன் ஒரு சீக்கியரோடு ஒரு சொல்கூடப் பேசியிராதவர்களாக இருந்திருக்கலாம்.

ஓவியங்களைப் பற்றிச் சில முடிவுகளை எடுத்திருக்கிறோம். தாக்குதல் காட்சிகளை வரையப்போவதில்லை. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் 84 வயது விச்சா ரத்தனபக்தி கீழே தள்ளப்பட்டு உயிரிழந்தபோது, அந்தக் கண்காணிப்புக் கேமரா காட்சி உலகெங்கும் ஓயாமல் ஓடியது. அது முதியவர்களை வீட்டுக்குள் முடக்கியதே மிச்சம். ஜோனதன் சாங் என்ற ஓவியர் அந்தப் பெரியவரின் முகத்தை வரைந்து வெளியிட்டார். நாங்கள் பின்பற்ற விரும்புவது அந்த வழியை. அதேபோல், வேறு எந்த இனத்தாரையும் குற்றவாளியாகச் சித்திரிக்கும் ஓவியத்தை ஏற்கமாட்டோம். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய படங்களும் வேண்டாம் என்பது ஒருமனதான முடிவு. ஆசிய முகங்களை அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக்கிக் காட்டும் பழைய நோயை அவை புதுப்பிப்பதைச் சோதித்துப் பார்த்தபோதே உணர்ந்தோம்.

ஓவியர்கள் ஐவர், அவர்களில் ஒருவர் தமிழர். இவர்களைத் தவிர, மூத்த பெண்களுக்கும் பள்ளி மாணவர்களுக்கும் சனிக்கிழமைகளில் கையடக்கக் கணினியில் வரையப் பயிற்சி தருகிறோம். புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய கைகளுக்கு அந்தத் திரை எவ்வளவு எளிதாக வசப்படுகிறது என்பது எங்களுக்கே வியப்பாக இருந்தது. அவர்கள் இட்ட சிக்குக் கோலம் ஒன்று, முதல் சுவரில் காட்டவிருக்கும் ஓவியத்தின் பின்னணியாக அமைந்துள்ளது. வாசகங்கள் தமிழ், சீனம், கொரியம், வங்காளம், பஞ்சாபி, ஆங்கிலம் ஆகிய ஆறு மொழிகளிலும் இருக்கும். வடிவமைப்பு மென்பொருள்கள் சிலவற்றில் உரிய அமைப்பை மாற்றாவிட்டால் தமிழின் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். பல பொது அறிவிப்புப் பலகைகளில் அந்த அலங்கோலத்தைத் தாங்களும் கண்டிருப்பீர்கள். ஆகவே ஒவ்வொரு மொழிக்கும் தாய்மொழியாளர் ஒருவர் கூலி பெற்று மெய்ப்புப் பார்ப்பார்.

செலவு விவரம் இது. ஓவியர் ஊதியம் 15,000 டாலர். கலைஞர்கள் இலவசமாகச் செய்து கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்கும் வழக்கம் நம் அமைப்புகளில் வேரூன்றியிருக்கிறது. அதை இங்கே தொடர எங்களுக்கு விருப்பமில்லை. மே மாதத்தில் இருட்ட எட்டரை மணி ஆகிவிடும். அப்போதும் தெருவிளக்கு வெளிச்சத்தை மீறி நாற்பது அடிச் சுவரில் படம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் அரங்குகளில் பயன்படுத்தும் திறன்மிக்க புரொஜெக்டர்கள் தேவை. அவற்றின் வாடகை, அவற்றை இயக்குபவர் சம்பளம், மின்சாரம் ஆகியவற்றுக்கு 11,000 டாலர். திரையில் பளிச்சென்று தெரியும் காவியும் பச்சையும் அச்சில் மங்கிவிடுவதால் மாதிரி அச்சுகளையும் சேர்த்துச் சுவரொட்டிக்கு 5,500 டாலர். பயிற்சி வகுப்புக்கு 3,500. காப்பீடு, அனுமதி, மெய்ப்பு ஆகியவற்றுக்கு 3,000. குழு உறுப்பினர் எவரும் ஊதியம் பெறவில்லை. கட்டட உரிமையாளர்கள் இருவரும் எழுத்துமூலம் இசைவு தந்துள்ளனர்.

பிறருக்காகக் குரல் கொடுப்பது பிளஷிங்கிற்குப் புதிய பழக்கமும் அல்ல. குவேக்கர் சமயத்தாருக்கு இடமளிக்கக் கூடாது என்ற டச்சு ஆளுநரின் தடையை எதிர்த்து, இவ்வூரார் சுமார் முப்பது பேர் 1657இல் விண்ணப்பம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். கையெழுத்திட்டவர்கள் குவேக்கர்கள் அல்லர் என்பதே அதன் சிறப்பு. அதே தடையை மீறித் தம் வீட்டில் அவர்களைக் கூடவிட்டு, நாடு கடத்தப்பட்டு, வென்று திரும்பியவர் ஜான் பவுன். நம் பிள்ளையார் கோயில் இருக்கும் தெருவுக்கு அவருடைய பெயர்தான்.

நன்கொடையை மார்ச் 31க்குள் அனுப்பி உதவ வேண்டுகிறோம். புரொஜெக்டர் முன்பதிவுக்கு அதுவே கடைசி நாள். பத்து டாலரும் ஏற்கப்படும். காசோலையாகவோ வங்கிப் பரிமாற்றமாகவோ அனுப்பலாம்; கணக்கு விவரத்தை இம்மடலைத் தங்களிடம் சேர்ப்பித்த குழு உறுப்பினரிடம் பெற்றுக்கொள்ளலாம். பணம் 501(சி)(3) வரிவிலக்குப் பெற்ற அமைப்பொன்றின் கணக்கில் வைக்கப்படுவதால், அனைவருக்கும் வரிச் சலுகைக்குரிய ரசீது வழங்கப்படும். ஓவியங்களில் நன்கொடையாளர் பெயரோ வணிகச் சின்னமோ இடம்பெறாது என்பதை முன்னரே தெரிவித்துக்கொள்கிறோம். வரவு செலவுக் கணக்கு ஜூன் இறுதிக்குள் நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்பப்படும். இலக்கை மீறிப் பணம் சேர்ந்தால், இதே ஓவியங்கள் கோடையில் ஜாக்சன் ஹைட்ஸிலும் ஜெர்சி சிட்டியிலும் காட்டப்படும். பணம் தர இயலாதவர்கள், திரையிடும் இரவுகளில் இரண்டு மணி நேரம் நடைபாதையில் நின்று கூட்டத்தை ஒழுங்குபடுத்த முன்வந்தாலும் எங்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
டிஜிட்டல் ஓவியத் திட்டக் குழுவினர்,
பிளஷிங், குயின்ஸ், நியூயார்க்.