மலை போட்டோ காலண்டருக்கு மட்டுமா?

டேய் ரவி,

உன் லெட்டர் வந்து நாளாச்சு, கோவிச்சுக்காத, இங்க தங்கச்சி வீட்டு கிரகப்பிரவேசம் அது இதுன்னு அலைச்சல். முட்டி வலி எப்படி இருக்கு, பிசியோதெரபி போறியா இல்ல வழக்கம்போல டிமிக்கியா?

மலை போட்டோல்லாம் காலண்டருக்குத்தான் லாயக்குன்னு எழுதியிருந்தல்ல, அதுக்கு பதில் கிடைச்சிருக்கு. கனடா ராக்கி மலைய போட்டோ வச்சே சர்வே பண்ணிருக்கானுங்கடா. 1885ல அங்க சர்வேயர் ஜெனரல் ஆன எடுவார் டெவில் ஆரம்பிச்சு வச்சது. கோடை கொஞ்ச நாள்தான், அதுக்குள்ள சிகரம் சிகரமா உக்காந்து மேப் வரைஞ்சா ஜென்மம் போதாது, அதனால தியோடலைட்டும் (கோணம் அளக்குற கருவி) கேமராவும் சுமந்துட்டு ஏறி நாலாபக்கமும் கண்ணாடி பிளேட்ல எடுத்துட வேண்டியது, குளிர்காலத்துல ஆபீஸ்ல மேப் போட வேண்டியது. கேமராவ மட்டம் பாத்து சாயாம வைக்கணும், அதான் முக்கியம். ரெண்டு சிகரத்துல எடுத்த போட்டோலயும் ஒரே பாறை தெரிஞ்சா, ரெண்டு பக்கமிருந்தும் கோடு இழு, வெட்டிக்கிற இடத்துல பாறை. அடிவானக் கோட்டுக்கு எவ்ளோ மேல, எவ்ளோ கீழன்னு பாத்தா உயரமும் வந்துடும்!

1915ல பிரிட்ஜ்லண்ட்னு ஒரு சர்வேயர் ஒரே சீசன்ல அந்த ராக்கி மலைல இருக்குற ஜாஸ்பர் பார்க் பக்கம் 92 இடத்துலருந்து 735 போட்டோ எடுத்துட்டார். அழகுக்குன்னா நாலு சிகரத்தோட இறங்கியிருப்பார், இது அளவு எடுக்குற வேலைங்கறதால ஒண்ணுமில்லாத சரிவு, புதர், ஆத்து மணல்னு எல்லாம் பிளேட்ல விழுந்திருக்கு. 1990கள் கடைசில எரிக் ஹிக்ஸ், ஜனைன் ரெம்துல்லான்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அதே இடங்கள்ல ஏறி நின்னு அதே கோணத்துல திரும்ப எடுத்தாங்க. பனிப்பாறை சுருங்கினது தெரிஞ்ச கதை. காடுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. பழைய படத்துல புல்லும் அங்கங்க மரமுமா இருந்த பள்ளத்தாக்கு புதுசுல இடுக்கு விடாம ஊசியிலைக் காடு. மரம் கூடினா நல்லதுதானேன்னு நமக்குத் தோணும். ஆனா முன்னாடி இயற்கையா வந்த தீயும் அங்க இருந்த மக்கள் வேணும்னே வச்ச தீயும் காட்ட அங்கங்க இடைவெளி விட்டு வச்சிருந்துது, 1907ல பார்க் ஆனதும் குடியிருந்தவங்கள வெளிய அனுப்பிட்டு, தீய பாத்த இடத்துலல்லாம் அணைச்சே காட்ட இடைவெளியில்லாம அடர்த்தியாக்கிட்டாங்க, தீ பிடிச்சா பரவத் தோதா. 2024 ஜூலைல தீ வந்து ஜாஸ்பர் ஊர்ல மூணுல ஒரு பங்கு கட்டடம் போச்சு, வெயிலும் வண்டு தின்னு காஞ்ச பைன் மரமும் சேந்துக்கிச்சு, இருந்தாலும் அந்த ஜோடிப் படத்த பாத்தவனுக்கு ஆச்சரியமே இருந்திருக்காது.

நாலு ஜோடி பிரிண்ட் போட்டு வச்சிருக்கேன், பொங்கலுக்கு வர்றப்ப தர்றேன், உன் காலண்டர் பக்கத்துலயே மாட்டிக்கோ. பையன் வேலை விஷயம் என்னாச்சுன்னு எழுது, வீட்ல எல்லாரையும் கேட்டதா சொல்லு.

குமார்