ரோட்டர்டாமிலிருந்து அப்புச்சிக்கு

அன்புள்ள அப்புச்சிக்கு,

நான் சுகமாக இருக்கிறேனுங்க. போன வாரம் போனில் அம்முச்சி "சோறு தின்னியா கண்ணு" என்று கேட்டார். நீங்கள் வாங்கி, "அந்த ஊர்ல லோடு எப்படிப் போகுது, அதைச் சொல்லு முதல்ல" என்றீர்கள். போனில் சொன்னால் தீராது என்றுதான் எழுதுகிறேன்.

திருப்பூரில் பனியன் பெட்டி ஏற்றிக்கொண்டு தூத்துக்குடி போய், கேட்டுக்கு வெளியே லாரிக்கு அடியில் சாக்கு விரித்துப் படுத்த கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! அந்தச் சரக்கு வந்து இறங்கும் ஊர்களில் நெதர்லாந்து நாட்டின் இந்த ரோட்டர்டாமும் ஒன்று. கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி வந்த ஒரு கன்டெய்னரின் பேப்பர் போன மாதம் என் மேசைக்கு வந்தது. புறப்பட்ட இடம் தூத்துக்குடி. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐரோப்பாவிலேயே பெரிய துறைமுகம் இது. ஊரிலிருந்து கடல் வரை 40 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறது. எந்தப் பெட்டியை லாரியில் விடுவது, எதை ரயிலில், எதைப் படகில் என்று பிரித்துப் போடுவதுதான் என் வேலை. படகு என்றால் பரிசல் இல்லைங்க, நூறு பெட்டிக்கு மேல் அடுக்குகிற படகு. ரைன் ஆற்றில் ஜெர்மனி தாண்டி சுவிட்சர்லாந்து வரை போகும். ரயிலுக்கோ 2007-இல் சரக்குக்கென்றே 160 கிலோமீட்டருக்குத் தனிப் பாதை போட்டுவிட்டார்கள். அதில் ஆள் ஏற முடியாது. ஒரு முனையத்துக்குள் 1993-லிருந்தே டிரைவர் இல்லாத வண்டிகள்தான் பெட்டி இழுக்கின்றன. இதை நீங்கள் நம்பவும் மாட்டீர்கள், ஒத்துக்கொள்ளவும் மாட்டீர்கள்.

சரக்கு இப்படி ஒதுங்கிப் போவதால்தான் ஊருக்குள் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு இடம் இருக்கிறது. நம் மேட்டுப்பாளையம் ரோட்டை நினைத்துப் பாருங்கள். உருளைக்கிழங்கு லாரி, டவுன் பஸ், ஊட்டி போகிற டூரிஸ்ட் வேன், எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ரோடு. இங்கே பழைய ரயில் பாதை ஒன்றை 2019-இல் மெட்ரோவாக மாற்றி, 2023-இல் கடற்கரை வரைக்கும் நீட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை அதில் போய் இறங்கினால், ஜனங்கள் மணலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவலைத் தின்றுகொண்டு கப்பல் உள்ளே வருவதை வேடிக்கை பார்க்கிறார்கள். நம் சோற்றுப் பிழைப்பு இவர்களுக்கு வேடிக்கை!

ஆனால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று நினைக்காதீர்கள். ஊர் நடுவே ஓடும் ஆற்றின் குறுக்கே எராஸ்மஸ் பாலம் இருக்கிறது, 802 மீட்டர். உயரமான கப்பல் வந்தால் ஒரு பகுதியைத் தூக்கிவிடுவார்கள். போன செவ்வாய்க்கிழமை டிராமில் மாட்டிக்கொண்டேன். சைக்கிள்காரர்கள் காலை ஊன்றி நின்றார்கள், பெட்டியோடு வந்த ஒரு குடும்பம் போட்டோ எடுத்தது, டிராம் டிரைவர் பிளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டார். ஒருத்தரும் ஹாரன் அடிக்கவில்லை. எனக்கு மட்டும்தான் ஆபீஸுக்கு நேரமாயிற்று. அப்புறம் ஒன்று: லாரிக்காரர் காத்துக் கிடப்பது இங்கேயும் உண்டு. வந்த முதல் மாதம் நான் நேரத்தைத் தப்பாகப் போட்டுவிட, போலந்து டிரைவர் ஒருவர் நாலு மணி நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி உங்கள் ஞாபகம்தான்.

பாலத்துக்குப் பக்கத்திலிருந்து தண்ணீரில் ஓடும் பஸ் ஒன்று கிளம்புகிறது. கின்டர்டைக் என்ற இடத்தில் பழைய காற்றாலைகள் 19 நிற்கின்றன, அங்கே இறங்கலாம். தண்ணீரை இறைத்து ஊரைக் காப்பாற்றக் கட்டியவை, பெரும்பாலானவை 1740 வாக்கில். பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைப் பார்த்த கண்ணுக்குக் குள்ளமாகத்தான் தெரியும். ஆனாலும் உங்களை அங்கே கூட்டிப்போக வேண்டும்.

கோயமுத்தூர் பாஸ்போர்ட் ஆபீஸ் வேலையைத் தம்பி பார்த்துக்கொள்வான். அம்முச்சிக்கும் சேர்த்து எழுதிப் போடச் சொல்லியிருக்கிறேன், அவர் மாட்டேன் என்றாலும் விட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பேரன்