சிறு தொழில்களுக்கு வெப்சைட் செய்து தருகிறவர்களுக்கு

வணக்கம். நானும் இதே தொழிலில்தான் இருக்கிறேன், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தையல் மெஷின் பழுது பார்க்கிற ஒருவர் போன மாதம் தன் வெப்சைட்டை என்னிடம் கொண்டுவந்தார். நல்ல காசு கொடுத்துச் செய்தது, பார்க்கவும் பளிச்சென்று இருந்தது, ஆனால் எட்டு மாதமாக அவர் தொழில் பெயரை அப்படியே தட்டினால்கூட கூகுளில் வரவில்லை. செய்து கொடுத்தவர்களிடம் கேட்டதற்கு "எஸ்இஓ (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) தனி பேக்கேஜ் சார், அதை எடுத்தால்தான் வரும்" என்றிருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தேன். தளம் கட்டப்பட்டிருந்த வேர்ட்பிரஸ் மென்பொருளில், தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று சொல்ல ஒரு டிக் இருக்குமே, வேலை நடக்கும்போது போட்டு வைத்த அந்த டிக்கை யாரும் எடுக்கவே இல்லை! எடுத்துவிட்டு, தளத்தைப் பற்றி கூகுளிடம் தெரிவிக்கும் சர்ச் கன்சோல் கருவியில் அதைச் சேர்த்தேன். ஒரு வாரத்தில் பெயர் வந்துவிட்டது.

மறதி எல்லோருக்கும் வருவதுதான், நானும் மறந்திருக்கிறேன். பூட்டைப் போட்டது நீங்கள், சாவிக்குத் தனியாகக் காசு கேட்பதும் நீங்களா என்பதுதான் என் ஆத்திரம்.

அப்புறம், கூகுள் தேடலில் "முதல் இடம் கேரண்டி" என்று நீங்கள் தருகிற அந்த வாக்கு. முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது; மாற்றங்கள் பலன் தர பொதுவாக நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும் என்றும் அங்கேயே இருக்கிறது. தேடல் சொற்களைப் பக்கத்தின் கோடுக்குள் எழுதி வைக்கும் கீவேர்டு மெட்டா டேகை, முடிவுகளை வரிசைப்படுத்தப் பார்ப்பதில்லை என்று கூகுள் அறிவித்தது 2009-இல். இன்னமும் "50 கீவேர்டு மெட்டா டேக்" என்று பில்லில் ஒரு வரி வருகிறது. விலைக்கு வாங்கும் பேக்லிங்குகளும் (பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்புகள்) அப்படித்தான், 2012-இல் கூகுள் தேடலில் பெங்குவின் என்ற அப்டேட் வந்தபோதே எத்தனையோ தளங்கள் அதனால் அடி வாங்கின. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி நாற்பது பக்கம் போடுகிறீர்களே, அது கூகுளின் ஸ்பேம் விதிகளில் பெயர் சொல்லியே இருக்கிறது. மாட்டினால் போவது உங்கள் தளம் இல்லை, அந்த மனிதருடையது.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். டெம்ப்ளேட்டைத் திறப்பதற்கு முன்னால் தொழில்காரரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். போன் செய்கிறவர்கள் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். இந்த மெஷின்காரர் தன் தளத்தில் "டென்ஷன் அட்ஜஸ்ட்மென்ட், டைமிங் கரெக்‌ஷன்" என்று போட்டு வைத்திருந்தார். அவருக்கு வருகிற போன்களில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "நூல் அறுந்துகொண்டே இருக்கிறது", "இடையிடையே தையல் விடுகிறது", "ஊசி உடைகிறது", இவ்வளவுதான். தேடுபொறியில் தட்டுவதும் இதைத்தான். ஆகவே ஒவ்வொன்றுக்கும் நான்கு பத்தி: ஏன் அப்படி ஆகிறது, வீட்டிலேயே எதைச் சரிபார்க்கலாம், எப்போது மெஷினைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். இதை அவர் வாயால் சொல்லச் சொல்லி நான் தட்டச்சு செய்தேன், இரண்டு சாயங்காலம் ஆனது. இருபது வருட அனுபவம் அவருக்கு. அதில் ஒரு வரிகூடத் தளத்தில் இல்லாமல், "தரமே எங்கள் தாரக மந்திரம்" என்று பெரிய எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தரமே என்று யார் தேடப்போகிறார்கள்?

பக்கத்தின் தலைப்பும் அப்படியே. எல்லாப் பக்கத்துக்கும் "ஹோம்" என்று விட்டுவிடாதீர்கள், தேடல் முடிவில் ஆள் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.

வருகிறவர் கையில் இருப்பது பெரும்பாலும் போன், பொறுமை கொஞ்சம். அவருக்கு முன்னால் 4 எம்பி படம் மூன்றை ஸ்லைடரில் சுழல விடுகிறீர்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. படத்தைச் சுருக்கினாலே பாதி வேலை முடிந்தது. தொலைபேசி எண்ணை பேனர் படத்துக்குள் வரைந்து வைப்பவர்களை என்ன சொல்வது என்றே தெரியவில்லை. தொட்டால் போன் போக வேண்டாமா? எந்த நாள் விடுமுறை, எத்தனை மணி வரை என்பதெல்லாம் மேலேயே இருக்கட்டும், கூகுளின் பிசினஸ் புரொஃபைலில் (தேடலிலும் மேப்பிலும் கடை விவரம் காட்டும் பக்கம்) போட்டிருக்கும் நேரமும் அதுவும் ஒன்றாக இருக்கட்டும். அந்தப் புரொஃபைல் இலவசம் என்பதையும் தயவுசெய்து வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக டொமைன், அதாவது தளத்தின் முகவரி. அதை உங்கள் கணக்கில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்து வைத்துக்கொள்ளாதீர்கள். பிசினஸ் புரொஃபைலோடு கூகுள் தந்த இலவச வெப்சைட்டுகள் 2024 மார்ச்சில் மூடப்பட்டன. அந்த முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்தவர்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். சொந்த டொமைன் வாங்கச் சொல்வதே அந்த நிலை வரக்கூடாது என்றுதானே, அதையும் இன்னொருவர் பெயரில் வாங்கினால் என்ன பயன்?

மெஷின்காரரிடம் வேர்ட்பிரஸ் லாகின் மட்டும்தான் இருக்கிறது. டொமைன் இன்னும் அவர் கைக்கு வரவில்லை, புதுப்பிக்கும் தேதி நெருங்குகிறது, நான்கு மின்னஞ்சல் போட்டாயிற்று. செய்து கொடுத்தவர்கள் இதைப் படித்தால் டொமைனை அவர் கணக்குக்கு மாற்றி விடுங்கள். எஸ்இஓ பேக்கேஜ் வேண்டாம்.