களிசானும் காலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் வெளியான ஊர்ச் சொற்கள் பற்றிய கட்டுரையில், காற்சட்டைக்கு நம் முதியவர்கள் வழங்கிய ‘களிசான்’ என்னும் சொல் ‘கால்சராய்’ என்பதன் திரிபு என்று எழுதப்பட்டிருந்தது. கட்டுரையின் மற்றப் பகுதிகளை இருமுறை படித்து மகிழ்ந்தவன் என்ற உரிமையோடு, இந்த ஒன்றை மட்டும் மறுக்க விரும்புகிறேன்.

களிசான் போர்த்துக்கேயச் சொல். அம்மொழியில் அது ‘கல்சாவ்’ என்பதுபோல, மூக்கொலியோடு முடியும். அந்த ஈற்றொலி நம் நாவில் ‘ஆன்’ என்றோ ‘ஆண்’ என்றோ நிலைப்பது வழமை. பொத்தானும் பாணும் அப்படி வந்தவையே. ‘ல்ச’ என்று மெய் அடுத்து வருவது தனிச்சொல்லுக்குள் தமிழுக்கு ஒவ்வாததால், நடுவில் ஓர் இகரம் நுழைந்துகொண்டது. நம் ‘கால்’ இதில் இல்லை என்பதற்குச் சிங்களமும் சாட்சி: அங்கே காலுக்குக் ‘ககுல’ என்று பெயர், காற்சட்டைக்கோ ‘கலிசம’. 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்து 1658இல் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த போர்த்துக்கேயர், 39 ஆண்டுகளே இங்கு ஆண்டார்கள். ஆயினும் கதிரை, சப்பாத்து, குசினி, அலவாங்கு என்று அவர்கள் விட்டுப்போன சொற்களோடுதான் நம் வீடுகள் இன்றும் புழங்குகின்றன.

சொல்லின் மூலம் இன்னும் சுவையானது. இலத்தீனில் ‘கல்க்ஸ்’ என்றால் குதிக்கால். அதிலிருந்து சப்பாத்தைக் குறிக்கும் ‘கல்கேயுஸ்’ பிறந்தது. பின்னர் அதன் வழிச்சொற்கள் காலுறைக்கு ஆயின. ஐரோப்பிய ஆடவரின் காலுறை நீண்டு இடுப்பை எட்டியபோது, பெயரும் கூடவே ஏறிற்று. இத்தாலியர் ‘கல்ஸா’ என்று இன்றும் காலுறையையே சொல்கிறார்கள். ஆக, களிசானுக்குக் காலோடு உறவு உண்டுதான், தமிழ்க் காலோடு அல்ல. அந்த அளவுக்குக் கட்டுரையாளரின் ஊகம் தற்செயலாகப் பாதி பலித்திருக்கிறது.

பொருளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். களிசான் என்றால் நீளக் காற்சட்டை மட்டுமே என்று கட்டுரை வரையறுக்கிறது. நான் சிறுவனாக இருந்தபோது, பள்ளி தொடங்குமுன் எங்கள் ஊர்த் தையற்காரர் அளவு நாடாவை என் இடுப்பில் சுற்றிக்கொண்டே, “தம்பிக்கு நீளமோ, கட்டையோ?” என்று கேட்பார். “களிசானெண்டால் முழங்காலோடை நிக்கோணும்” என்று அப்பாச்சி திண்ணையிலிருந்து தீர்ப்புச் சொல்லிவிடுவார். நீளத்துக்கு ஆசைப்பட்ட எனக்கு அப்போது அவர்மீது கோபம். ஆனால், 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துக்கேயர் அப்பெயரால் அழைத்ததும் முழங்காலோடு நின்ற உடையைத்தான். இன்று லிஸ்பனில் ஒரு கடைக்குப் போய் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டாலும், எடுத்துத் தருவது கட்டைக் காற்சட்டையையே.

இங்ஙனம்,
நல்லூர் வாசகர் ஒருவர்