குருவைச் சோதிக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

குருவிடம் கேள்வி கேட்பதே பாவம் என்று சொல்லிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. பழைய நூல்கள் அப்படி மிரட்டவில்லை. பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தில் ஒரு சூத்திரம், புத்தரையே சீடர்கள் கண்ணாலும் காதாலும் ஆராய்ந்து பார்க்கச் சொல்கிறது. புகழ் வந்த பிறகு ஆளிடம் குறை முளைத்ததா என்றுகூடக் கவனிக்க வேண்டுமாம்! ஆதி கிறித்தவர்களின் திதாகே என்ற போதனை நூல் இன்னும் நேரடியானது: ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்பவனுக்குச் செவிகொடுக்காதே, இல்லாதவர்களுக்காகக் கேட்டால் அவனைக் குறை சொல்லாதே. இன்றைக்கும் இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் ஒன்று. குருடனுக்குக் குருடன் வழிகாட்டும் உவமை கட உபநிடதத்திலும் மத்தேயு நற்செய்தியிலும் திருமந்திரத்திலும் வருகிறது. உடனே எல்லா மதமும் ஒன்றுதான் என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். உபநிடதம் பேசுவது அறியாமையில் இருந்துகொண்டே தம்மை அறிஞராக நினைப்பவர்களைப் பற்றி. இயேசு சொன்னது தூய்மைச் சடங்கு பற்றிய வாதத்தில், பரிசேயர் என்ற யூத சமயக் குழுவினரைக் குறித்து. இடம் தெரியாமல் வரியை மட்டும் பிய்த்தெடுத்தால் யாரும் எதையும் சொல்லிவிடலாம். ஆகவே, ஆன்மிகப் பக்கத்தில் மேற்கோள் போடும்போது முன்பின் வரிகளையும் சேர்த்தே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்