கட்டிலருகில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நோயாளர் விடுதிகளில் எங்களுக்குக் கற்பிக்கும் வைத்திய நிபுணர்களுக்கும் மருத்துவ பீட ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். நான் நான்காம் ஆண்டு மருத்துவ மாணவி. ஊர் திருகோணமலை, உப்புவெளி. படிப்பது வெளி மாவட்டத்தில். லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது மூதூரிலிருந்து ஒரு மாமி வந்தார். ஈரல் வருத்தத்துக்காக ஓர் ஆஸ்பத்திரியில் நாலு நாள் இருந்துவிட்டு வந்தவர்.

“காலையில ஒரு கூட்டம் பிள்ளையள் வந்து வயித்த அமத்திப் பாக்கும். பின்னேரம் இன்னொரு கூட்டம். நோகுது எண்டு சொல்லவும் வெக்கம், படிக்கிற பிள்ளையள்தானே” என்றார். டொக்டர் என்ன வருத்தம் என்று சொன்னார் என்று கேட்டேன். “அத அவங்க இங்கிலீசில கதைச்சாங்க, மகள்.”

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காரணம், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். மண்ணீரல் வீங்கிய ஒருவர் விடுதிக்கு வந்தால் ‘நல்ல சைன்’, அதாவது தொட்டுப் பார்த்துப் படிக்க நல்ல நோய் அடையாளம், என்று எங்கள் வட்ஸ்அப் குழுவில் கட்டில் இலக்கம் போய்விடும். போன தவணை அப்படி ஓர் ஐயாவின் வயிற்றில் எட்டாவது ஆளாகக் கை வைத்தேன். என் பெயரைச் சொல்லவில்லை, அனுமதி கேட்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். மண்ணீரல் கைக்கு அகப்பட்டது. சந்தோஷமாக வந்துவிட்டேன்.

தொழில்சார் ஒழுக்கம் பற்றி எங்களுக்கு விரிவுரை நடக்கிறது, சோதனையிலும் வருகிறது. ஒஸ்கி என்ற செய்முறைச் சோதனையில் “உங்களைப் பரிசோதிக்கலாமா?” என்று கேட்க மறந்தால் புள்ளி போய்விடும். விடுதியில் உண்மையான நோயாளியிடம் கேட்காவிட்டால் ஒன்றும் போகாது. தொழில்சார் ஒழுக்கம் என்றால் என்ன என்று என்னோடு படிப்பவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். நேரத்துக்கு வருவது, ரை கட்டுவது, கோட் கசங்காமல் இருப்பது என்றார்கள். “ஏச்சு வாங்காமல் தப்புவது” என்றான் ஒருவன். சிரித்தோம்.

அந்த ஏச்சைப் பற்றியும் சொல்லவேண்டும். பிழை விட்டால் திருத்துங்கள், கடுமையாகவே திருத்துங்கள். ஆனால் நோயாளிக்கு முன்னால் “நீயெல்லாம் ஏன் மெடிசின் செய்ய வந்தாய்?” என்று கேட்டால், அதன் பிறகு அந்தக் கட்டிலுக்கு நாங்கள் எந்த முகத்தோடு போவது? முறையிடவும் வழியில்லை. பயிற்சி முடித்தோம் என்று எங்கள் பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைப்பவரும் ஏசியவரும் ஒருவர்தான்.

மருத்துவர்களுக்கான உறுதிமொழியான, உலக மருத்துவ சங்கத்தின் ஜெனீவா பிரகடனம் 1948-ல் வந்தது. மருத்துவர் தன் ஆசிரியர்களுக்கு மரியாதை தரவேண்டும் என்று அதில் ஆரம்பத்திலேயே இருந்தது. 2017-ல் திருத்தியபோதுதான் அந்த வரியில் சக மருத்துவர்களையும் மாணவர்களையும் சேர்த்தார்கள். நோயாளி தனக்கு வேண்டியதைத் தானே தீர்மானிக்கும் உரிமையை மதிப்பேன் என்ற வரியும் அதே திருத்தத்தில்தான் வந்தது. இரண்டுக்கும் 69 வருடம் எடுத்திருக்கிறது. எங்கள் விடுதிக்கு வர இன்னும் எத்தனை வருடமோ.

எல்லாரும் அப்படி என்று சொல்லவில்லை. ஒரு சிங்கள நிபுணர் மறைப்புத் திரையைத் தானே இழுத்து விடுவார். ஒருநாள் ரவுண்ட் முடிந்த பிறகு ஒரு கட்டிலுக்குத் திரும்பிப் போய், தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் “அம்மா, வயித்தில தண்ணி. மருந்து இருக்கு, பயம் வேண்டாம்” என்றார். அன்று அவர் கற்பித்த வேறு எதுவும் எனக்கு நினைவில்லை, மன்னிக்கவேண்டும். திருகோணமலையில் சிங்களம் பேசும் கந்தளாய்க்காரரும் தமிழ் பேசும் கிண்ணியாக்காரரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடப்பார்கள். ரவுண்ட் இங்கிலீசில் போகும். சிங்கள நோயாளியிடம் தடுமாறும் தமிழ் மாணவர்களும் இருக்கிறோம், நான் உட்பட. அதையும் எங்களுக்குப் பழக்குங்கள்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. எங்களைக் கட்டிலுக்குக் கூட்டிப்போகுமுன் நோயாளியிடம் அவர் மொழியில் கேளுங்கள். வேண்டாம் என்றால் வைத்தியத்தில் ஒரு குறையும் வராது என்பதையும் சொல்லுங்கள். ஒருவருக்கு இத்தனை மாணவர் போதும் என்று அளவு வையுங்கள். எங்கள் முறைப்பாட்டைக் கேட்க, கையெழுத்து வைக்காத ஒருவரை நியமியுங்கள்.

மாமிக்கு அடுத்த மாதம் கிளினிக். “பிள்ளையள் வந்தா வேணாமெண்டு சொல்லலாமா, மகள்?” என்று கேட்டார். சொல்லலாம் மாமி என்றேன். “சொன்னா டொக்டர் ஏசமாட்டாரா?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு மருத்துவ மாணவி,
உப்புவெளி, திருகோணமலை.