நீலக் குடை அம்மாவுக்கு நன்றி

நகரத்துக்கு வந்து மூன்றாவது நாள். பஸ் எண் சரிதான். நான் நின்ற பக்கம்தான் தவறு. ஒரே எண் இரு திசையிலும் ஓடும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. கைப்பேசி வரைபடத்தை நான் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்த நீங்கள், "எண்ணை மட்டும் பார்க்காதே தம்பி, பக்கத்தில் போட்டிருக்கும் கடைசி நிறுத்தத்தையும் படி" என்றீர்கள். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் வரை கூடவே வந்தீர்கள். அதற்குள் உங்கள் பஸ் போய்விட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் திரும்பிப் போய் அதே பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. "இறங்கும்போதும் பயண அட்டையைக் கருவியில் காட்டு!" என்று அங்கிருந்து கத்தினீர்களே, அதுவும் காதில் விழுந்தது. காட்டினேன். பெயர் கேட்கத்தான் தோன்றவில்லை. வெள்ளைப் புள்ளி போட்ட நீலக் குடை மட்டும் நினைவில் இருக்கிறது. மிக்க நன்றி அம்மா.